பூமி கொடுத்த புகார்

"தெரசம்மாவை இன்னைக்கே மூட்டை கட்டச் சொல்லுங்க. இல்லேன்னா நான் கட்டுறேன்" என்றார் சுந்தரவதனம்.

குரு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன செஞ்சாங்க?"

"பின்னால போறாங்க."

"யார் சொன்னது?"

"என் கண்ணு சொல்லுது. ரயில்ல டிக்கெட் பரிசோதகரா காலம் தள்ளினவன் நான். கக்கூஸ்ல ஒளிஞ்சவனைக்கூட, தாழ்ப்பாள் ஆடுற ஆட்டத்துலயே கண்டுபிடிச்சிருக்கேன். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது."

குரு இன்னொரு கொட்டையை எடுத்துக் கீழே போட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷியின் வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அந்த நேரத்தில் புளி என்ன புளி?

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு ஏரி. தண்ணீர் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்ட ஏரி. தரை மண் வெடித்து வெடித்து ஆறிப்போய்க் கல்லாகக் கிடக்கும். சுற்றிலும் கரை. கரைமேல் பனையும் வேம்புமாக நிற்கும். ஆடு மேய்ப்பவர்களும் நாங்களும் தவிர வேறு நாதி கிடையாது.

குருவின் பெயர் மீனலோசனி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஏதோ கல்லூரியில் வானியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். "பையன்கள் பரீட்சை எழுதினாங்க, ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கலை" என்று விட்டுவிட்டு வந்தவர். சீடர்கள் ஒவ்வொருவரும் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தோம். தொலைநோக்கி தருவார், தடித்தடியாகப் புத்தகம் தருவார் என்று நினைத்தோம். கொடுத்தது ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பு. கம்பு நுனியில் ஒரு முழத் துணி.

ஏரிக்கு நடுவில் ஒரு கருங்கல் கிடந்தது. அதுதான் சூரியன். கல்லைச் சுற்றிச் சுண்ணாம்பில் பெரிது பெரிதாகக் கோடு போட்டிருந்தார். வட்டம் என்று சொன்னால் கோபம் வரும். "வட்டமில்ல. கொஞ்சம் நசுங்கினது" என்பார்.

சுந்தரவதனத்துக்கு நீலத் துணி. அவர் பூமி.

தெரசம்மாவுக்குச் சிவப்புத் துணி. அவர் செவ்வாய். பூமிக்கு அடுத்த கோடு.

எனக்குக் கறுப்பு.

கறுப்பு என்றால் புரிந்திருக்கும். சனி. தென்காசியில் பாத்திரக் கடை வைத்து, நாலு பேர் மதிக்க வாழ்ந்த ஆவுடையப்பன் நான். சனியனே என்று என் வீட்டுக்காரி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காது புளித்துப்போய்த்தான் இங்கே வந்தேன். இங்கேயும் அதே பட்டம்.

"எனக்கு ஏம்மா சனி?" என்று கேட்டேன்.

"மெதுவா நடக்கிறீங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டு கறுப்புத் துணியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சண்டை, சுற்றும் திசை பற்றி. கோயிலில் வலம் வந்தே பழகிய கால் எங்களுக்கு. குரு இடமாகச் சுற்றச் சொன்னார். அப்பிரதட்சிணம் பாவம் என்று சுந்தரவதனம் குதித்தார். "கோளுங்க அப்படித்தான் போகுது. பாவம்னா அதுங்க பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டுக் குரு குடையை விரித்துக்கொண்டு சூரியன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சூரியனுக்கே குடை பிடித்த ஆளை அங்கேதான் பார்த்தேன்.

காலையில் பொழுது புலர்ந்ததும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். மணி அதுதான். அந்தச் சத்தம் கேட்டால் சுந்தரவதனத்துக்கு உடம்பே நிமிர்ந்துவிடும்.

சத்தம் கேட்டதும் அவரவர் கோட்டில் அவரவர் கொடியை முன்னால் நகர்த்த வேண்டும். பூமிக்கு ஓர் அடி. செவ்வாய்க்கு ஒரு சாணும் கொஞ்சமும். சனிக்கு அரைச் சாண். ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

நகர்த்திவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று மற்றவர் கொடிகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கொடி, கரையில் எந்த மரத்துக்கு நேரே தெரிகிறது? அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மரங்கள்தான் எங்களுக்கு நட்சத்திரம்.

கோட்டை விட்டு இறங்கி அடுத்தவர் கோட்டுக்குப் போகக் கூடாது. பாடம் முடியும்வரை பார்த்ததைப் பற்றி எங்களுக்குள் பேசவும் கூடாது.

இவையெல்லாம் பழக்கம். விதி என்று குரு சொன்னது ஒன்றே ஒன்று.

"முன்வச்ச காலைப் பின்வைக்கக் கூடாது. ஒருத்தர் பின்வச்சாலும் அத்தனை பேர் பார்த்ததும் பாழ். பின்வச்சவங்க அன்னைக்கே கிளம்பிடணும்."

தையில் தொடங்கினோம். பங்குனியும் போயிற்று, சித்திரையும் போயிற்று. நான் அரைச் சாண் அரைச் சாணாக ஏரியின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தேன். வைகாசிக் கடைசியில்தான் சுந்தரவதனம் புகாரோடு வந்து நின்றார்.

இப்போது புளிக்குத் திரும்புவோம்.

"எங்கே பார்த்தீங்க?" என்று குரு கேட்டார்.

"அந்தம்மா கொடி ஆரம்பத்துல அய்யனார் வேம்புக்கு நேரா இருந்துச்சு. அங்கேயிருந்து இடப்பக்கமாவே போச்சு. இரட்டைப் பனையைத் தாண்டிச்சு. மொட்டைப் பனைகிட்டே போச்சு. எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"மொட்டைப் பனைகிட்டே போனதும் நின்னுடுச்சு. சரி, உடம்புக்கு முடியலை போலன்னு நினைச்சேன். பார்த்தா, மறுபடி வலப்பக்கமா வருது. இப்போ இரட்டைப் பனைக்கே திரும்பி வந்துடுச்சும்மா. காலைப் பின்வைக்காம ஒரு கொடி எப்படித் திரும்பி வரும்? சொல்லுங்க."

குரு அடுத்த புளியைக் கையில் எடுத்தார்.

"நீங்க நட்ட நடுவுல உட்கார்ந்திருக்கீங்க. பார்த்திருக்கணுமே."

"நான் பார்த்தவரைக்கும் யாரும் பின்னால போகலை."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அப்படி நான் சொல்லலை."

"பார்த்தேன்னு நான் சொல்றேன். பார்க்கலைன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டும் உண்மையா இருக்க முடியுமா?" அவர் குரல் உயர்ந்தது. "அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்க. உட்கார்ந்து புளி ஆய்ஞ்சு கொடுக்கிறாங்க. அதான் கண்ணு மறைக்குது."

குரு முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"சரி. நாளைக்குக் காலையில மணிக்கு முன்னால எல்லாரும் வரட்டும். எல்லாரையும் வச்சுச் சொல்லுங்க. விதி விதிதான்."

சுந்தரவதனம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஜெயித்த நடை.

எனக்குக் குருவின்மேல் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் போகவில்லை என்று தெரிகிறதல்லவா? அதைப் போட்டு உடைத்தால் என்ன குறைந்துவிடும்? நாளைக்குச் சந்தி சிரிக்க அந்த அம்மாளை நிறுத்த வேண்டுமா? கேட்டே விட்டேன்.

"புளியை உள்ளே கொண்டுபோய் வைங்க சனி" என்றார்.

தெரசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் குழந்தைத்தெரசு. கடற்கரைப் பக்கத்து ஊர். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டு அடுப்படியே கதி என்று கிடந்தவர். சாயங்காலம் ஒரு நாழி மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சுகம். கோள் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது அண்ணன் சொன்னாராம்: "போ. திரும்பி வந்தா அடுப்படிதான். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுடுவேன்."

அதைச் சொல்லும்போது அழமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்காது.

ஆக, நாளைக்கு மூட்டையைக் கட்டச் சொன்னால் அவர் போகிற இடம் அந்த அடுப்படிதான். இது சுந்தரவதனத்துக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கொடித் துணியைத் துவைத்து வேலியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. காலைப் பின்வச்சீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு நூல்கூட வைக்கலை."

"அப்போ நாளைக்கு ஓங்கிச் சொல்லுங்க. அந்த ஆளு கத்துறதுக்குமேல கத்துங்க."

"வைக்கலைன்னு சொல்றேன்."

"அது போதாது. வேற ஏதாவது தெரியுமா? அந்த ஆளைப் பத்தி? நீங்களும் தினம் அவர் கொடியைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

அவர் துணியின் சுருக்கத்தை இழுத்து இழுத்து விட்டார்.

"தெரிஞ்சதையெல்லாம் சொல்லணுமா அண்ணாச்சி?"

"சொல்லணும்."

காயப்போட்ட துணியையே மறுபடி உதறிப் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நின்றால் யார் என்ன செய்ய முடியும்? எப்படியோ போங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே எல்லாரும் கருங்கல்லைச் சுற்றிக் கூடிவிட்டோம். கொடிகள் அவரவர் கோட்டில் நட்டபடி நின்றன. கல், நீலக் கொடி, சிவப்புக் கொடி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தன. அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சுந்தரவதனம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். வேம்பு, இரட்டைப் பனை, மொட்டைப் பனை, மறுபடி இரட்டைப் பனை. அட்சரம் பிசகவில்லை. கையை நீட்டி ஒவ்வொரு மரமாகக் காட்டினார்.

"மழை இல்ல, மூட்டம் இல்ல. தினமும் பார்த்திருக்கேன். இதுக்குமேல என்ன சாட்சி வேணும்? டிக்கெட் இல்லாம ஏறினவங்களும் இப்படித்தான் சாது மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. அவங்க ஒருத்தரால நம்ம எல்லாரோட உழைப்பும் வீணாப் போச்சு. எனக்கு வயிறு எரியுது."

பொய்யில்லை. அவருக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய்யனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

குரு தெரசம்மாவைப் பார்த்தார்.

"நீங்க?"

"நான் காலைப் பின்வைக்கலைம்மா. தினமும் என் அளவுக்குச்சி வச்சுத்தான் முன்னால நகர்த்தினேன். மாதா அறிய, ஒரு நூல்கூட இல்ல."

"மாதாவை இழுக்காதீங்க. பனை மரம் பார்த்துச்சு" என்றார் சுந்தரவதனம்.

குரு கையமர்த்தினார்.

"தெரசம்மா, சார் கொடி உங்க இடத்துலயிருந்து எப்படித் தெரிஞ்சுது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"கேட்கிறேன்."

"அது வேண்டாம்மா."

"பார்த்ததைச் சொல்றதுதான் பாடம்."

"எனக்குச் சொல்ல இஷ்டமில்லைம்மா. என்னை அனுப்பணும்னா அனுப்பிடுங்க."

"அனுப்புறது அப்புறம். முதல்ல இதைச் சொல்லுங்க."

தெரசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். குரல் எழும்பவே இல்லை.

"சார் கொடி மதகுக்கு நேரா இருந்துச்சு. அப்படியே இடப்பக்கமா இலவ மரத்துக்குப் போச்சு."

"அப்புறம்?"

"இலவ மரத்துகிட்டே நின்னுச்சு."

"அப்புறம்?"

"திரும்பி வந்துச்சும்மா. மதகுப் பக்கம். இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

சுந்தரவதனம் வெடித்தார்.

"அபாண்டம். மாட்டிக்கிட்டோம்னதும் என்மேல திருப்புறாங்க. எந்த நாள்? எந்த நாள்னு சொல்லுங்க பார்ப்போம்."

"நீங்க என்னைப் பத்திச் சொன்ன அதே நாளுங்கதான் சார். சித்திரை கடைசியில நின்னுது. அதுக்கப்புறம் திரும்பிச்சு."

"இவ்வளவு நாளா ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்தா உங்களை அனுப்பிடுவாங்களே."

"அனுப்பினா உங்களுக்கென்ன?"

"நீங்கதான் சாப்பாட்டுல உட்கார்ந்து சொன்னீங்க. இந்த வயசுல கோளைப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு மகன் கேட்டாரு, படிச்சு முடிச்சிட்டுத்தான் உன் வாசப்படியை மிதிப்பேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்னு. பாதியில அனுப்பிட்டா எங்கே போவீங்க?"

தெரசம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"வயசானவரு, தடுமாறிக் காலைப் பின்னால வச்சிருப்பாருன்னு நினைச்சேன் சார். தப்பு தெரிஞ்சும் மறைக்கிறேனேன்னு மாதாகிட்டே தினமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"நான் தடுமாறலை." சுந்தரவதனம் தலையை ஆட்டினார். "சத்தியமா சொல்றேன். தினமும் அளவுக்குச்சி வச்சுத்தான் நகர்த்தினேன். ஒரு நூல்கூடப் பின்…"

அங்கே நின்றுவிட்டார்.

சற்று முன்னால் அதே வார்த்தைகளைத் தெரசம்மா சொன்னது அவர் காதில் அப்போதுதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சூரியன். அந்தக் கல்லின்மேல் நாங்கள் யாரும் கைகூட வைத்ததில்லை. குரு தடுக்கவில்லை.

அங்கே உட்கார்ந்தபடி முன்னால் பார்த்தார். பக்கத்துக் கோட்டில் நீலக் கொடி. அதற்கு நேர் பின்னால் சிவப்புக் கொடி. ரொம்ப நேரம் பார்த்தார்.

"கூட்ஸ் வண்டி" என்றார்.

"என்ன சார்?" என்று கேட்டேன்.

"எக்ஸ்பிரஸ்ல போயிட்டிருப்போம். பக்கத்து லைன்ல ஒரு கூட்ஸ் வண்டி அதே பக்கமாப் போயிட்டிருக்கும். நாம அதைத் தாண்டும்போது, அது பின்னால போற மாதிரி இருக்கும். சன்னலோரப் பிள்ளைங்க கேட்கும், மாமா அந்த வண்டி ஏன் பின்னால போகுதுன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சிரிச்சுக்கிட்டே சொல்லிக் கொடுப்பேன், அது போகலை கண்ணு, நாமதான் வேகமாப் போறோம்னு." கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் சொல்லிக் கொடுப்பேன் ஆவுடையப்பன்."

ஏரிக்கு வந்தபிறகு என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

தெரசம்மா பக்கத்தில் வந்தார். "அப்போ நீங்க காலைப் பின்வைக்கலையா சார்?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குற்றம் சாட்டப்பட்டவர் தெரசம்மா. விடுதலை கிடைத்தது சுந்தரவதனத்துக்கு என்பதுபோல் சந்தோஷப்பட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படியும் ஒரு பிறவியா?

"நாம ரெண்டு பேரும் பக்கத்துல வந்த நாள் பார்த்துத்தான் சார் இப்படி ஆயிருக்கு" என்றார். "தையில நீங்க அந்தக் கோடியில ஒரு புள்ளியாத் தெரிஞ்சீங்க. கோட்டுல வளைஞ்சு என்னைத் தாண்ட வரும்போதுதான் உங்க கொடி வலப்பக்கமாத் திரும்பிச்சு. இப்பத்தான் முகமே தெரியுது. கண்ணாடிக் காம்புல நூல் சுத்தியிருக்கீங்களே, அதுகூடத் தெரிஞ்சுது."

சுந்தரவதனம் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். காம்பில் நூல் சுற்றியிருந்தது. "நான் கொடியை மட்டும்தான் பார்த்தேன்" என்றார்.

பிறகு அவர் கோபம் குருவின்மேல் திரும்பியது. திரும்பாதா பின்னே?

"நீங்க இங்கேயே உட்கார்ந்திருந்தீங்க. இங்கேயிருந்து பார்த்தா ஒருத்தரும் பின்னால போகலை. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை இத்தனை பேர் முன்னால பேச விட்டீங்க. இது நியாயமா?"

"யாரும் பின்னால போகலைன்னு நேத்தே சொன்னேனே."

"சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா?"

"அதைக் கேட்டீங்களா?"

நேற்று நானும் அங்கேதான் நின்றிருந்தேன். வேண்டியவங்க என்று அவர் சொன்னார், போட்டு உடைக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். ஏன் அப்படித் தெரிகிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

சுந்தரவதனம் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நாங்கள் தங்கும் கூரைக் கொட்டகைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"எங்கே?" என்றார் குரு.

"மூட்டையைக் கட்ட. இல்லேன்னா நான் கட்டுறேன்னு நேத்து சொன்னேன்ல?"

"இங்கே விதி ஒண்ணுதான். நீங்க காலைப் பின்வச்சீங்களா?"

"இல்ல."

"தெரசம்மா வச்சாங்களா?"

சுந்தரவதனம் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி தோளில் போட்டார். தன் கண்ணை நம்பியே காலம் தள்ளிய மனுஷன்.

"இல்ல" என்றார்.

"அப்போ ரெண்டு பேரும் போய்க் கொடியை நகர்த்துங்க. பொழுது ஏறுது."

குரு தண்டவாளத்தைத் தட்டினார்.

நான் என் கோட்டுக்குப் போனேன். என்ன நடந்தாலும் எனக்கு அரைச் சாண்தானே. வெறும் ஏரியில் காலை நேரத்துப் பேச்சு எவ்வளவு தூரம் போனாலும் கேட்கும். அதனால்தான் மிச்சத்தையும் சொல்ல முடிகிறது.

சுந்தரவதனம் அளவுக்குச்சியை மண்ணில் வைத்தார். நீலக் கொடியைப் பிடுங்கி ஓர் அடி முன்னால் நட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்புக் கொடியைப் பார்த்தார்.

நேற்று இரட்டைப் பனையை ஒட்டி நின்ற கொடி இன்று அதற்கும் வலப்புறம் போயிருந்தது. தெரிந்துகொண்டு விட்டோம் என்பதற்காகக் கொடி திசை மாறிவிடுமா என்ன?

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வெயில் ஏறத் தொடங்கியது.

"தெரசம்மா" என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார்."

"இன்னைக்கு நான் எப்படிப் போறேன்?"

தெரசம்மா கைகளை நெற்றியில் வைத்து, மதகைப் பார்த்து, இலவ மரத்தைப் பார்த்து, நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"பின்னாலதான் போறீங்க சார்."

"நீங்களும்தாம்மா" என்றார் அவர்.